வலை இல்லாத டென்னிஸ் களம்

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேரின் அறிவை அளந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தேர்வு. ஒரு படத்தில் டென்னிஸ் களம். நடுவே வலை இல்லை. விடுபட்டதை வரைய வேண்டும்.

இத்தாலியிலிருந்து குடியேறிப் படையில் சேர்ந்த, டென்னிஸையே பார்த்திராத குடியானவர் என்ன செய்வார்?

அந்த மதிப்பெண்களைக் கொண்டே உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923இல் இனங்களை மேல், கீழ் என வரிசைப்படுத்தினார். 1930இல் அவரே அம்முடிவுகளை ஆதாரமற்றவை எனக் கைவிட்டார். அதற்குள் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வரவை வெகுவாகக் குறைத்துவிட்டது.

இத்தகைய தேர்வுக்கு வழிகாட்டிய ஆல்பிரட் பினே, 1905இல் பாரிஸில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவவே அதை வகுத்தார். ஒருவரின் அறிவை அவர் வாழ்ந்த வாழ்விலிருந்து பிரித்தெடுத்து ஒற்றை எண்ணாக்க முடியுமா? முடியாது. அந்த எண்ணால் ஓர் இனத்தையே தரம்பிரித்தது பெரும் அநீதி.