பெயர் சுட்டலும் புனைவுரிமையும்: குற்றவாளியர் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள்

நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பிரித்துணர்ந்த தொல்காப்பியர், அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டி உரைத்தலை விலக்கினார். பெயர் சுட்டப்படின் அது புறத்தின்பாற்படும். காதலை முன்வைத்து வகுக்கப்பட்ட இவ்வரையறை, உண்மைக் குற்றவாளியரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை மதிப்பிடுதற்கும் உரியதாகும். இயற்பெயரை ஏற்ற கதை, புனைவுக்குரிய முழு உரிமையையும் கோருதல் இயலாது.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் வாழும் தமிழர்க்கு இருமொழிக் கதைமரபுகளும் அண்மையில் உள்ளன. மலையாளத்தில் காயங்குளம் கொச்சுண்ணி, தமிழில் வீரப்பன். கொச்சுண்ணி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கள்வன். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை வழியே தொன்மமாகிவிட்டவன். அவனிடம் பொருளிழந்தோர் சார்பில் வழக்குத் தொடுக்க இன்று எவருமிலர். வீரப்பனோ 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 2007-இலேயே வ. கௌதமனின் ‘சந்தனக்காடு’ மக்கள் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி அதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினார்.

இவ்வகை வழக்குகளுக்கு முன்னோடி, ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முற்பட்டதையொட்டி எழுந்ததாகும். பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை ஒருவரின் இசைவின்றியும் வெளியிடலாம். அவற்றைக் கடந்து அவர் வாழ்வினுள் நுழைந்தால் விளைவுக்குப் பொறுப்பேற்க நேரும் என 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், உண்மை பிறழ்வதால் பெரிதும் இழப்புறுவோர் குற்றவாளியின் குடும்பத்தார் மட்டும்தாமா என்பது வினவத்தக்கது. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பித் தந்த வன அலுவலர் சீனிவாஸ், 1991-இல் வீரப்பனால் கொல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். 1993-இல் பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். மறுபுறம், அதிரடிப்படையினரால் வதைக்கப்பட்ட சிற்றூர் மக்கள். நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணையை அடுத்து அவர்களுள் 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமைகள் ஆணையம் பணித்ததும் அதே 2007-இல்தான். வேட்டைக் கதைக்கு ஒரு தலைவன் வேண்டும். காட்டிலிருப்பவனைத் தலைவனாக்கினால் சீனிவாஸ் சிறுபாத்திரமாகிறார். காவலரைத் தலைவராக்கினால் அந்த 89 பேர் பின்னணிக் கூட்டமாகின்றனர். சுவை குன்றாமைக்காக நிகழும் இச்சுருக்கமே, உரையாடலிலோ உடையிலோ நேரும் பிழையினும் பெரிய பிழை எனலாம்.

ஆவணத்தன்மை இதற்கு முழு மாற்றன்று. 2023-இல் வெளிவந்த ‘கூச முனிசாமி வீரப்பன்’ தொடரில், நக்கீரன் முன்பு பதிவு செய்த காட்சிகளில் வீரப்பனே பேசுகிறார். குரல் மெய், அக்குரல் கூறுவன அனைத்தும் மெய்யென்பதற்கு அது சான்றாகாது. முகப்பில் ‘யாவும் கற்பனையே’ என அறிவித்துவிட்டு இயற்பெயரை விளம்பரத்திற்குக் கொள்ளும் தொடர்களோ அகத்தின் உரிமையையும் புறத்தின் புகழையும் ஒருசேர வேண்டுவன.

அதே 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் வெளியிடப்படலாகாது எனவும் விலக்கு வகுத்துள்ளது. தொல்காப்பியரின் விதி உண்மையாகவே பொருந்துமிடம் இதுவே. இங்குப் பெயரை மறைத்து, ஊரையும் ஆண்டையும் இழைக்கப்பட்ட கொடுமையையும் பிறழாது காட்டுதல் இயலும். தலைவனுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதி அதற்கு வேண்டும்.