அக்கா மகனுக்கு என்ன சொல்ல?

அக்கா மகன் போன மாசம் வீட்டுக்கு வந்தான். பன்னிரண்டு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக விடியற்காலையில் பதினெட்டாம் கால்வாய்க் கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், கம்பியில் தொங்கிப் பத்துத் தடவை மேலே எழும்ப வேண்டும். ஓடி முடித்த கையோடு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறிவிடுவான். கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்புக்குள் எத்தனை பேரை அடைப்பார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, பட்டாளத்துக்குப் போகலாமா வேணாமா? ஊருக்கெல்லாம் சொல்றீங்கள்ல, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

எனக்கு வாய் எழவில்லை. ஒரு காலத்தில் இதற்கு என்னிடம் ரெடியாகப் பதில் இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது தேனியில் ஒரு கூட்டத்தில், "சேரி இளைஞன் தன்னை ஒடுக்குகிற அரசு எந்திரத்துக்கே கூலிப்படையாகப் போகிறான்" என்று முழங்கி இறங்கினேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்தால் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் பதினேழு வருஷம் இருந்து வந்தவர். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கோபப்படவில்லை. "ஏப்பா, ஒன் காலேஜு பீஸு எங்கருந்து வருது?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய பென்ஷனிலிருந்துதான் வந்தது. கூலிப்படைக் காசில் படித்துத்தான் கூலிப்படை என்று பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அம்பேத்கர் பிறந்ததே மோ பட்டாள முகாமில். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பட்டாளத்து ஆட்களின் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு மகர் வீடுகளுக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது. 1818 கோரேகான் போரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், 1927இல் அம்பேத்கர் அந்தத் தூண் முன் போய் நின்றதையும் பேசுகிறோம். வீரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சம்பளமும் பென்ஷனும்தான். பண்ணையார் கையிலிருந்து வராத காசு. மாசாமாசம் வருகிற காசு. 1890களில், போர்ச்சாதி போர்ச்சாதி அல்லாத சாதி என்று பிரித்து வெள்ளைக்காரன் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியபோது அந்தக் கதவுதான் சாத்தப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானதற்குப் பின்னால் அம்பேத்கரின் விடாத வற்புறுத்தல் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு "பட்டாளத்துக்குப் போகாதே" என்று அக்கா மகனிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் அதே பெரியப்பாவின் பூட்ஸ் கதையும் இருக்கிறது. எண்பதுகளில் ஒரு லீவுக்கு வந்தவர், பஸ் விட்டு இறங்கி யூனிபாரத்தோடு ஊர்த்தெரு வழியாக நடந்திருக்கிறார். பெட்டி தலையில், காலில் பூட்ஸ். டீக்கடைக்கு எதிரே நாலு பேர் நின்று, "என்னடா, பட்டாளம் போனா தெரு மாறிப்போச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் சேரிக்கு வந்து சேர்ந்தார். ஏன் கழற்றினீர்கள் என்று நான் வயசுத் திமிரில் ஒருமுறை கேட்டேன். "அடுத்த நாளு ஒங்க அப்பத்தா அவுங்க வயல்லதான நாத்து நடணும்" என்றார்.

யூனிபாரம் போட்டவன் ஒருத்தன். போடாத ஆட்கள் ஒரு குடும்பம். அவன் சியாச்சினில் நிற்கலாம், அவன் ஆத்தா நிற்பது இன்னொருத்தன் வரப்பில். 2016இல் காஷ்மீர் பாம்பூரில் செத்துப்போன ஒரு சி.ஆர்.பி.எஃப். வீரரை எரிக்க, உத்தரப் பிரதேசத்தில் அவர் ஊர் ஆதிக்கச் சாதிக்காரர்கள் பொது நிலத்தில் இடம் தர மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகுதான் நாலு முழம் மண் கிடைத்தது. 2020இல் குஜராத் பனாஸ்காந்தாவில் கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறிய தலித் ராணுவ வீரர் மேல் கல் விழுந்தது. தேசம் அவர்களுக்குக் கொடுத்த மரியாதை ஊர் எல்லையோடு நின்றுவிட்டது.

நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வைக்கட்டும், கர்னல் பெரிய மனுஷன்தான். 1895இல் முடிந்த அந்த அணைக்கு மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைத்தவர்களில் மெட்ராஸ் பயனியர் படையின் ஆட்களும் உண்டு. மெட்ராஸ் ராணுவத்தின் பயனியர், சாப்பர் பிரிவுகளில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பட்டாளத்துக்குப் போயும் அவர்கள் கையில் துப்பாக்கியைவிட அதிகநேரம் இருந்தது மண்வெட்டி. அணைக்கட்டு வேலையில் காய்ச்சலிலும் விபத்திலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அந்தத் தண்ணீர் கூடலூரிலிருந்து இறங்கி இருபோகம் விளைய வைக்கிற நிலத்தில் நமக்கு எத்தனை குழி இருக்கிறது? பயனியர்களில் ஒருத்தன் பேராவது பொங்கல் பானைக்கு முன்னால் சொல்லப்படுகிறதா? பயனியர் படையை 1930களில் கலைத்தும் விட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இம்மானுவேல் சேகரன் நிற்கிறார். ராணுவத்தில் இருந்துவிட்டு முகவை மண்ணுக்குத் திரும்பியவர். பட்டாளத்தில் நிமிர்ந்த முதுகை ஊரில் வளைக்க மறுத்தவர். 1957 செப்டம்பர் 10 முதுகுளத்தூர் சமாதானப் பேச்சில் சமமாக உட்கார்ந்தார்; மறுநாள் பரமக்குடியில் வெட்டப்பட்டார். பெரியப்பா கழற்றினார், உயிரோடு இருந்தார், என்னைப் படிக்க வைத்தார். இவர் கழற்றவில்லை. இரண்டு பேரில் யார் சரி என்று தராசு பிடிக்க எனக்கு மனசில்லை. ஆனால் இம்மானுவேலை நம் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பெரியப்பாக்களைக் கோழை என்று பேசுகிற வழக்கம் இயக்கத் தோழர்களிடம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு தகராறுக்குப் பிறகு ராத்திரியில் எங்கள் தெருவுக்குள் காக்கி நுழைந்தது. கதவை மிதித்த சத்தம், அரிசிப் பானையை உருட்டிய சத்தம், அம்மா என்னை வயிற்றோடு அமுக்கிக்கொண்டது எல்லாம் இன்னும் காதிலும் உடம்பிலும் இருக்கிறது. அக்கா மகன் நாளைக்குக் காஷ்மீரிலோ மணிப்பூரிலோ ஒரு வீட்டுக் கதவின் முன் நிற்பான். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் அவன் பின்னால் நிற்கும். உள்ளே ஒரு அம்மா பிள்ளையை அமுக்கிப் பிடித்திருப்பாள். அவன் என்ன செய்வான்? மிதிபட்டவனுக்கு மிதிக்கிற வேலை கிடைப்பதை விடுதலைக் கணக்கில் எழுத முடியுமா?

பெரியப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். 1987 முதல் 1990 வரை அங்கே நடந்ததை நாம் புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டதும் அதில் வருகிறது. பெரியப்பா எங்கே நின்றார், என்ன செய்தார், கடைசிவரை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, டிவியில் ஏதோ ஈழச் செய்தி ஓடியபோது, "அதுகளும் நம்ம பாசைதாம்ப்பா அழுதுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என் பீஸ் கட்டிய பென்ஷனுக்குள் அந்த அழுகையும் இருக்கிறது. அதை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, ஏலக்காய்த் தோட்டத்துல மருந்தடிக்கிறேனே, அதுக்கு இவ்வளவு யோசிச்சீங்களா?" என்றான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அறம் பற்றிய கேள்வியெல்லாம் அவன் மேலே ஏறும்போதுதான் நமக்கு வருகிறது. விஷ மருந்து டின்னை முதுகில் கட்டிக்கொண்டு நின்றபோது வரவில்லை.

அதனால் கணக்கைப் பேசினோம். பெரியப்பா காலத்தில் பதினைந்து வருஷம் முடித்தால் சிப்பாய்க்குப் பென்ஷன். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத்தில் நாலே வருஷம். நூறு பேரில் இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். மிச்ச ஆட்களுக்கு வட்டியோடு சுமார் 11.71 லட்சம், அதில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது. பென்ஷன் கிடையாது. அதாவது ராம்ஜிக்கும் எங்கள் பெரியப்பாவுக்கும் கொடுத்ததில் எது பிள்ளைகளைப் படிக்க வைத்ததோ, அதை உருவி எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் கொடுக்கிறார்கள். இருபத்துநாலு வயசில் இதே தெருவுக்கு, இதே டீக்கடைக்கு எதிரே வந்து நிற்பான்.

"அப்ப பூட்ஸைக் கழட்டச் சொன்னா கழட்டுவியாடா?" என்று கேட்டேன்.

"இப்ப யாரும் அப்படிக் கேக்க மாட்டாய்ங்க மாமா."

"கேட்டா?"

பதில் சொல்லவில்லை. என் பதிலும் அவனுக்குக் கிடைக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். ஆள் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பேப்பர் லிஸ்ட் வந்திருக்கிறது, நீயும் கூட வா தம்பி என்றாள். சிப்பாய் வேலைக்கு நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் அந்த லிஸ்ட்டில் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. இ-சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் வரவில்லை. அன்றைக்கும் ஜீப் ஏறிப் போயிருந்தான்.