கட்டியவரும் காப்பவரும்

நம் நாட்டுப் பழைய சாசனங்களைப் படிப்பவர்கள், அவற்றுள் பலவற்றின் இறுதியில் வரும் ஒரு வேண்டுகோளைக் கண்டிருப்பார்கள். நிலமும் பொன்னும் கோயிலுக்கு எழுதிவைத்த அரசனோ வணிகனோ, தன் தானத்தின் எல்லைகளையும் அளவுகளையும் சொல்லி முடித்த பிறகு, வருங்காலத்தில் இந்தத் தர்மத்தை அழியாமல் காப்பவன் எவனாயினும் அவனுடைய பாதங்களைத் தன் தலைமேல் தாங்குவதாகப் பொறித்து வைக்கிறான். செப்பேடுகளில் வரும் வடமொழிச் சுலோகங்களோ, கொடுத்தல், காத்தல் என்னும் இரண்டனுள் காத்தலே சிரேஷ்டமானது என்று வெளிப்படையாகவே தீர்ப்புச் சொல்கின்றன. செல்வமும் அதிகாரமும் உடைய ஒருவன், இன்னும் பிறவாத, பெயர் தெரியாத ஒருவனை வணங்குகிறான் என்றால், தான் செய்தது பாதி தர்மமே, மறுபாதி பிறர் கையில் இருக்கிறது என்பதை அவன் உணர்ந்திருந்தான் என்றுதான் கொள்ளவேண்டும்.

அந்த மறுபாதி இன்று நம் கைக்கும் வந்திருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில், பாட்டன் காலத்துக் கத்தோலிக்க ஆலயத்தின் தளம் ஒழுகி, சுவர் வெடித்து, அதைப் பழுதுபார்ப்பதற்கென்று பங்கு மக்களிடம் நிதி திரட்டும் வேளைகளில் இரண்டு ஆக்ஷேபங்கள் தவறாமல் எழுகின்றன. எங்கும் நிறைந்த கடவுளுக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் எதற்கு என்பது ஒன்று. ஏழை வீட்டுக் கூரை ஒழுகும்போது ஆலயக் கூரைக்குப் பணம் கேட்பது நியாயமா என்பது மற்றொன்று. இரண்டும் அலட்சியமாகத் தள்ளிவிடத் தக்கவை அல்ல, பக்தியிலிருந்தே பிறப்பவை. ஆகவே அவற்றை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகிறது.

முதலில், காத்தல் என்பது இந்த மண்ணில் எப்படி நடந்து வந்திருக்கிறது என்று பார்ப்போம். கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சி, தமிழ்க் கிறிஸ்தவ உலகில் திருக்காவலூர் என்னும் பெயரால் அறியப்பட்டது. இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வன்னைமேல் திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர், தம்மை வருத்திய ராஜபிளவை என்னும் கட்டி முனிவரின் மருத்துவத்தால் தீர்ந்ததென்று மகிழ்ந்து, ஆலயத்துக்கு நிலம் மானியமாக வழங்கினார் என்று அவ்வூர் மரபு கூறுகிறது. ஒரு மதத்தவர் கட்டியதை வேறொரு மதத்து மன்னர் போஷித்தார். இந்த ஆலயத்தின் கதையில் முதல் நன்கொடையாளர்களுள் ஒருவராக நினைக்கப்படுபவர் பங்கு மக்களுக்கு வெளியே இருந்து வந்தவர் என்பது, இன்று நிதி திரட்டுவோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி.

முனிவர் 1747-இல் மறைந்தார். 1773-இல் அவர் சார்ந்திருந்த சேசு சபையே போப்பாண்டவரின் ஆணையால் கலைக்கப்பட்டது. மதுரை மிஷன் என்று வழங்கிய அப்பெரும் பணிக்களத்துக்கு அச்சபைக் குருக்கள் மீண்டும் வந்து சேர்ந்தது 1838-இல்தான். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் குருவானவரைக் காண்பதே பல ஊர்களுக்கு அரிதாயிற்று. பூசை நிகழாத அந்த நாட்களிலும் ஜெபம் சொல்லிக்கொடுத்து, விளக்கேற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி வழிபாட்டிடங்களை உயிருடன் வைத்திருந்தவர்கள், உபதேசியார்களும் உழவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமேயாவர். சரித்திரம் அவர்களுடைய பெயர்களைக் குறித்து வைக்கவில்லை. ஆயினும் 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் தனியே அமைந்து இப்பகுதி அதன்கீழ் வந்தபோது, அதற்கு அடித்தளமாய் இருந்தது அந்தப் பெயரற்றவர்களின் பரிபாலனமே.

காப்பவர் இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்கும் அரியலூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய பெருங்கோயிலின் மதிற்கற்கள், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்த மக்களுக்குக் கருங்கல்லுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. பேரரசன் கட்டியதாலேயே ஒரு கோயில் நிலைத்துவிடுவதில்லை. தலைமுறைதோறும் அதைத் தம்முடையதென்று கருதும் மக்கள் வலிமை குன்றிய இடத்தில், மகா சாம்ராஜ்யத்தின் கல்லும் பிறர் கட்டுமானத்துக்குரிய சரக்காகிவிடுகிறது.

இனி முதல் ஆக்ஷேபத்துக்கு வருவோம். உள்ளமே கோயில் என்னும் கருத்துக்குத் தமிழில் பூசலாரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. சேக்கிழார் உரைத்த வரலாற்றின்படி, திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டப் பொருள் தேடி எங்கும் கிடைக்காமல், மனத்திலேயே பொருள் சேர்த்து, மனத்திலேயே கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் விழா அதே நாளில் அமைய, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னான். இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் அதன் இரண்டு பகுதிகளை மறந்துவிடுகிறார்கள். பூசலார் முதலில் நிதி திரட்டவே முயன்றார். மனக்கோயில், வெளிக்கோயிலை வெறுத்தவரின் தத்துவமன்று, அதை ஏங்கியவரின் தவம். மேலும், இறைவன் அரசனின் விழாவை ஒத்திப்போடச் சொன்னானேயன்றி அந்தக் கற்றளியை வேண்டாமென்று சொல்லவில்லை. இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னும் பெயரில் இறைவன் எழுந்தருளியிருப்பதும் கல்லாலான கோயிலில்தான். உள்ளத்துக் கோயில் உண்மையாயின், அது என்றேனும் ஒரு நாள் சுவரும் கூரையுமாக வெளிப்பட விரும்பும். ஏனெனில் மனிதன் தனியே நினைப்பவன் மட்டும் அல்லன், கூடி நிற்பவன். ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கப் பூசைக்கும் ஓர் ஊர் கூடி நின்ற இடம், அவ்வூரின் நினைவுக்கே சரீரமாகிவிடுகிறது.

இரண்டாம் ஆக்ஷேபம் இதனினும் வலியது. படமாடும் கோயிலுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியவரைச் சென்று சேராது என்று திருமூலர் எச்சரித்தார். நான்காம் நூற்றாண்டில் ஜான் கிறிசோஸ்தோம் என்னும் புனிதர், பீடத்தைப் பட்டால் அலங்கரித்துவிட்டு வாசலில் குளிரால் நடுங்கும் கிறிஸ்துவைக் காணாது போவதைக் கடிந்தார். இவ்விருவர் வாக்கையும் நாம் தலைவணங்கி ஏற்கவேண்டும்: பங்கில் ஒரு குடும்பம் பட்டினி கிடந்தால், ஆலய நிதி காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கிறிசோஸ்தோம் ஆலயத்துக்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பதை அதற்கு முன்னும் அதனுடனும் செய்யச் சொன்னார். மேலும் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். தனக்கென்று மாளிகையும் தோட்டமும் உடையவனுக்கு ஆலயம் பல கட்டடங்களுள் ஒன்று. குடிசையில் வாழும் விவசாயக் கூலிக்கோ, உரிமையோடு நுழைந்து நிமிர்ந்து உட்காரத்தக்க உயர்ந்த மண்டபம் அது ஒன்றே. அதன் கூரை சரிந்தால் இழப்பவன் செல்வன் அல்லன். ஆலயத்தைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையாவது, முன்னது ஆடம்பரமாக மாறும்போதுதான்.

ஆகவே கேள்வி, நிதி திரட்டலாமா என்பதன்று. எப்படித் திரட்டுவது, எதற்குச் செலவிடுவது என்பதே. பழைய ஏற்பாட்டில் யோவாசு அரசன் காலத்து நிகழ்ச்சி ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. ஆலயத்தைச் செப்பனிடக் குருக்களிடம் பணம் ஒப்படைக்கப்பட்டிருந்தும், அரசனின் இருபத்துமூன்றாம் ஆட்சியாண்டு வரை எதுவும் நடக்கவில்லை. பின்னர் யோயாதா என்னும் குரு, மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்றைப் பீடத்தருகே வைத்தார். நிறைந்த பணத்தை அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள். அது தச்சருக்கும் கொத்தருக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் சென்றதேயன்றி, வெள்ளிக் கிண்ணங்களாக மாறவில்லை. கொடுப்பவர் யாரென்று தெரியாத பெட்டி, இருவர் கூடி எண்ணும் கணக்கு, குறித்த காரியத்துக்கே செலவு: ஆலய நிதிக்குரிய தர்மசாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

நம் ஊர்களில் வழங்கும் தலைக்கட்டு வரியும், சமைக்குமுன் எடுத்து வைக்கும் பிடி அரிசியும், அறுவடைக் காணிக்கையும் இந்த நீதியை ஒட்டியவை. ஆலயத்தில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணே எல்லாரினும் மிகுதியாகப் போட்டாள் என்று இயேசுபிரான் சொன்னதை நம்பும் சமுதாயம், நன்கொடைத் தொகையின் வரிசைப்படி பெயர்களைப் பளிங்கில் வெட்டி வாயிலில் பதிக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பெருந்தொகை வரவேற்கத்தக்கதே. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தேவாலயங்களின் பழுதுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தமிழக அரசு அளிக்கும் உதவியும் முறைப்படி பெறத்தக்கதே. ஆனால் ஒரே செல்வர் முழுச் செலவையும் ஏற்று ஊரார் கைகட்டி நின்றால், கட்டடம் புதுப்பிக்கப்படும், சபை புதுப்பிக்கப்படாது.

செலவிடும் விஷயத்திலும் பழமையின் இயல்பை அறிந்த விவேகம் வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ச் சீமையை மூடியிருந்த கடலின் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்தான், இன்று அங்குள்ள சிமென்ட் ஆலைகளை இயக்குகிறது. அந்தச் சிமென்ட்டையே கொண்டு பழைய சுவரைப் பூசிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது சுவருக்கு நன்மையன்று. சுண்ணாம்புக் காரையால் கட்டிய செங்கற்சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தைத் தன் பூச்சின் வழியே ஆவியாக வெளியிட்டுக்கொண்டே வாழ்வது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டு அரைத்த சுண்ணாம்பும், அதைக் கையாளத் தெரிந்த கொத்தனாரும் இன்று அரிதாயினும் தேடிப் பெறத்தக்கவர்கள். பழையதை இடித்துவிட்டுக் கோபுரமும் கண்ணாடியுமாகப் புதியது எழுப்புவது சுலபமாகவும் கௌரவமாகவும் தோன்றலாம். ஆயினும் முன்னோர் முழந்தாளிட்ட தரையையும் அவர்கள் தொட்ட தூணையும் தக்கவைப்பதே ஜீர்ணோத்தாரணம் என்னும் பெயருக்கு உரியது. 2019-இல் தீப்பற்றிய பாரீஸ் நோத்ர தாம் பேராலயத்தை 2024-இல் மீண்டும் திறந்தபோது, அதன் கூரை பழைய முறைப்படியே ஓக் மரத்தால் அமைந்திருந்தது. உலகமே பொருள் வழங்கிய இடத்திலும் புதுமையின் ஆசையை அடக்கிக்கொண்டார்கள் என்றால், பிடி அரிசியால் நிதி சேர்க்கும் சிற்றூருக்கு அந்த அடக்கம் இன்னும் அவசியமானது.

கடைசியாக ஒன்று. பழுதுபார்த்து அர்ச்சித்த நாளோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ணுவதே, அடுத்த சிதைவின் தொடக்கம். திரட்டிய நிதியில் ஒரு பங்கைச் செலவிடாமல் நிரந்தர வைப்பாக நிறுத்தி, ஆண்டுதோறும் மழைக்குமுன் தளத்து நீர்த்தாரைகளைத் துப்புரவாக்கவும், சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவும், விரிசலை அடைக்கவும் அதன் வட்டியைப் பயன்படுத்தும் பங்குப் பேரவை, ஐம்பதாண்டுக்குப் பின் பெரும் வசூலுக்குக் கையேந்தும் நிலையைத் தன் பேரப்பிள்ளைகளுக்கு வைக்காது. பக்தி என்பது பெருவிழா நாளின் உற்சாகத்தைவிட, யாரும் பாராத ஆடி மாதத்து மாலையில் ஏணி வைத்து ஏறிச் செய்யும் இந்தச் சிறு பராமரிப்பிலேயே உண்மையாக நிலைபெறுகிறது; அதற்குரிய ஏற்பாட்டை இன்றே செய்வதுதான், நிதி கேட்டு வாசலுக்கு வருபவர்களின் முதல் பொறுப்பும், கொடுப்பவர்கள் அவர்களிடம் தயங்காமல் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் ஆகும்.