சுழியும் ஊழும்

தமிழில் சில சொற்கள் அளவில் சிறியவை, பொருளில் பெரியவை. ‘சுழி’ அத்தகையது. ‘சுழல்’ என்னும் சொல்லோடு உறவுடைய இச்சொல், ஓடும் நீர் வளைந்து தன்னையே சுற்றும் இடத்தைக் குறிக்கும். அவ்வடிவத்தைக் கண்ட இடமெல்லாம் தமிழர் அப்பெயரையே இட்டனர். எழுதத் தொடங்குமுன் இடுவது பிள்ளையார் சுழி. இருசுழி னகரம், முச்சுழி ணகரம் என்று மாணவர்க்குப் பிரித்துக் காட்டுகிறோம். கணக்கில் இன்மையைக் குறிப்பதும் சுழியே. உச்சந்தலையில் மயிர் வளைந்திருப்பதும் சுழி. மாடு வாங்கும் உழவர் அதன் உடலில் தேடிப் பார்ப்பதும் சுழி.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. நீரில் கண்ட வடிவத்தின் பெயரால் ஒருவனுடைய வாழ்வுக்குத் தீர்ப்புக் கூறுவது முறையா? “அவன் தலைச்சுழி அப்படி” என்கிறோம். குறும்பு செய்யும் சிறுவனைச் ‘சுழியன்’ என்கிறோம். கல்வியில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோர் இவ்வாறு கூறினால் அதில் துயரம் இருக்கின்றது. ஆசிரியர் கூறினாலோ, அது பொறுப்பைக் கைகழுவும் எளிய வழியாகிவிடுகின்றது.

ஆற்றையே நோக்குவோம். நீர் தானாகச் சுழல்வதில்லை. பாறையோ, பாலத்தின் தூணோ குறுக்கிடும்போது, அதைக் கடந்த நீரின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்பிச் சுழலாகின்றது. வேறுபட்ட விரைவுடைய இரு நீரோட்டங்கள் கூடும் இடத்திலும் சுழல் தோன்றும். தடை நீங்கினால் சுழலும் தேய்ந்து மறையும். ஆகவே, சுழி நீரின் குணமன்று. நீருக்கு நேர்ந்த நிலை. கல்வியில் தத்தளிக்கும் மாணவனுக்கும் ஏதோ ஒரு கல் குறுக்கே கிடக்கலாம். அது பசியாக இருக்கலாம். பார்வைக் குறையாக இருக்கலாம். முதலாம் ஆண்டிலேயே விளங்காமற்போன பாடமாகவும் இருக்கலாம்.

கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192ஆம் பாடலில், ஆற்றோடு செல்லும் தெப்பத்தை உயிருக்கு உவமை கூறினார் என்பது உண்மையே. ஆயினும், எளியவரைத் தாழ்வாக எண்ணலாகாது என்பதே அதிலிருந்து அவர் கண்ட முடிவு. ஊழை நம்பிய அப்புலவரே அதைப் பிறரை இகழும் கருவியாக்கவில்லை.

குடந்தைக்கு அருகிலுள்ள திருவலஞ்சுழியின் தலபுராணமும் எண்ணத்தக்கது. காவிரி ஒரு பிலத்துள் பாய்ந்து மறைந்தபோது, ஏரண்ட முனிவர் அதனுள் இறங்கித் தம்மையே ஈந்தார். ஆறு மீண்டும் வெளிப்பட்டது என்பது அக்கதை. அதை வரலாறாகக் கொள்ள வேண்டா, கருத்தைக் கொள்வோம். கரையில் நின்று சுழிக்குப் பெயர் சூட்டுவோர் பலர். இறங்கிப் பார்ப்போர் சிலர்.

எல்லாக் கற்களையும் நம்மால் பெயர்த்துவிட இயலாது. வறுமையை ஓர் ஆசிரியர் தனியே நின்று ஒழித்தல் அரிது. எனினும், தடை எதுவென்று அறிந்தால் அதைச் சுற்றிச் செல்லும் வழியையேனும் மாணவனுக்குக் காட்டலாம். ‘அவன் சுழி’ என்று சொல்ல நா எழும்போதெல்லாம், அச்சுழியை உண்டாக்கிய கல் எது என்று முதலில் வினவுவோமாக.