செத்தவனின் முகம்

எகிப்தின் சவ முகமூடி என்றதும் துட்டன்காமன் என்ற இளம் அரசனின் பொன்முகம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1925-ல் ஹோவர்ட் கார்ட்டர் சவப்பெட்டியைத் திறந்து கண்டது. பத்துக் கிலோவுக்கு மேல் எடை. அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னை உறுத்துவது பொன் வாங்க வழியில்லாதவர்களின் முகமூடி.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், தாலமி மன்னர்கள் ஆண்ட காலத்தில், எழுதிக் கழித்த பப்பைரஸ் தாள்களைச் சேர்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணம் பூசி, அதன்மேல் முகம் எழுதினார்கள். பொன் என்பது தேவர்களின் சதை என்று அவர்கள் நம்பினார்கள். பொன் இல்லாவிட்டால் மஞ்சள் வர்ணமாவது தீட்டினார்கள். மனிதத் தலை கொண்ட பறவையாகத் திரியும் ஆவி, திரும்பி வரும்போது தன் உடலை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே! ஆகவே அது அலங்காரம் அல்ல. செத்தவனுக்கு அதுதான் முகம். அதைப் போர்த்திப் புதைத்தவர்கள் அவனுக்குக் கொடுத்த வாக்கு.

உள்ளே இருந்த தாள்களில் வரிக் கணக்கு, மனு, கடிதம், அபூர்வமாகக் கவிதை. இதைத் தெரிந்துகொண்ட பிற்கால அறிஞர்கள், முகமூடிகளை நீரில் ஊற வைத்துத் தாள் தாளாகப் பிரித்தார்கள். எழுத்து வந்தது, முகம் போயிற்று. ஒரு சவத்தின் மார்பு உறையிலிருந்து பொசிடிப்பஸ் என்ற கிரேக்கக் கவியின் நூற்றுக்கு மேற்பட்ட குறுங்கவிதைகள் கிடைத்து, 2001-ல் அச்சேறின. அவற்றில் இரண்டே இரண்டுதான் அதுவரை உலகம் அறிந்தவை.

இதைப் படித்ததும் எனக்கு உண்டானது மகிழ்ச்சிதான். ஒளிப்பானேன்? எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கதைகளும் கடலைப் பொட்டலமாகப் போகக் கூடியவையே. இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவன் பொட்டலத்தைப் பிரித்துப் படிப்பான் என்றால் கசக்குமா?

ஆனால் அந்த மகிழ்ச்சி ஓர் இரவு கூடத் தாங்கவில்லை. கவியின் பெயர் ஏற்கனவே நிலைத்திருந்தது. செத்தவன் கூடவே கொண்டு போனதோ அந்த முகம் ஒன்றுதான். 'ஆவியுமில்லை, பறவையுமில்லை, யாருக்கு நஷ்டம்?' என்று கேட்கலாம். தகப்பனார் சாகும்போது கேட்டுக்கொண்ட காரியத்தை நாம் ஏன் செய்து முடிக்கிறோம்? அவர் மேலிருந்து பார்க்கிறார் என்றா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, இருந்தும் செய்கிறேன்.

முகமூடி செய்தவன் மட்டும் கவியிடம் அனுமதி கேட்டானா என்றால், இல்லைதான். ஆனால் அவன் கிழித்தது குப்பைக்கு வந்த தாளை. அறிஞர் கரைத்தது ஒருவனுடைய முகத்தை.

இப்போது கரைக்காமலே, பல நிற ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடித்துப் படிக்கிறார்கள். இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டன் கோட்டையில் உள்ள ஒரு சவ உறையின் கால்மாட்டில், கண்ணுக்குத் தெரியாதிருந்த எழுத்தை 2017-ல் லண்டன் யூனிவர்சிடி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப் படித்தார்கள். கவிதையல்ல, கணக்குமல்ல. உள்ளே கிடந்தவனின் பெயர்: இரேத்தோரு.