லாரி போய்ச் சேருமுன்

அன்பர்களே, கணக்குக் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் செவிகொடுங்கள்.

2009 பிப்ரவரி 24. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட் கிளம்பியது. உள்ளே, காற்றில் கலந்த கரியமில வாயுவை அளக்க நாசா செய்த ஓசிஓ செயற்கைக்கோள். அதை மூடியிருந்த கூடு உரிய நேரத்தில் பிரியவில்லை. அந்தப் பாரத்தோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் அண்டார்டிகா அருகே கடலில் விழுந்தது. 2011 மார்ச் 4, குளோரி செயற்கைக்கோள். அதே ரக ராக்கெட், அதே தளம், அதே கதி. இரண்டிலுமாக 70 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அத்தனையும் மக்கள் கட்டிய வரி.

கூட்டைப் பிரிக்கும் இணைப்பு, வெடிமருந்தின் விசையில் முழுவதுமாகப் பிளந்தாக வேண்டும். அதிலிருந்த அலுமினியம் சான்றிதழில் சொன்ன தரத்தில் இல்லை என்று 2019-இல் நாசா அறிவித்தது. ஓரிகனில் இருந்த சாபா ப்ரொஃபைல்ஸ் ஆலை 19 ஆண்டுகள் பொய்ச் சான்று கொடுத்திருக்கிறது. சோதனை இயந்திரத்தில் துண்டு இழுபடும். எண் குறைவாக வரும். ஒரு கை அதை மாற்றும். சரக்கு வெளியே போகும், போனஸ் உள்ளே வரும். ஓசிஓ விழுந்த பிறகும் 2015 வரை அந்தக் கை ஓயவில்லை. இடையில் ஒருவர் வாய் திறந்திருந்தால் குளோரியாவது பிழைத்திருக்கக்கூடும்!

நாசாவுக்கும் பிறருக்கும் சேர்த்து அந்நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்டது 4.6 கோடி டாலர். மீதி யார் தலையில்? ஓசிஓவுக்கு மாற்று 2014 ஜூலையில்தான் பறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் அளக்காமல் போன காற்றை எந்த அபராதம் மீட்டுத் தரும்?

எங்கோ நடந்தது என்று ஒதுங்காதீர்கள். மாத்திரைக்குத் தரச்சான்று தருபவரே, பாலத்துக் கான்கிரீட்டைச் சோதிப்பவரே, பள்ளி வேனுக்கு எஃப்சி கொடுப்பவரே, உங்களைத்தான் கேட்கிறேன். அவசரம் என்று கெஞ்சும் முதலாளியே, பக்கத்து மேஜையில் நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருப்பவரே, உங்களையும்தான். எழுதியவர் ஒருவராக இருக்கலாம். பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அடுத்த லோடில் சரிசெய்யலாம் என்று சொல்லாதீர்கள். மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

இன்று ஷிப்ட் முடிவதற்குள் பதிவேட்டைத் திறங்கள். திருத்திய எண் ஒன்று இருந்தாலும் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். சரக்கு ஏற்றிய லாரி இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. ஓட்டுநருக்குப் போன் போட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.