சூரியனுக்கு எதற்குச் சான்றிதழ்?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் கீழே காலை ஏழரை மணிக்குக் காணக்கூடிய காட்சி இது. திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகக் கிழக்கே பார்த்து நின்று, செம்புத் தண்ணீரை வார்த்துக் கும்பிடுகிறார். அவர் பசியாற வீட்டுக்குத் திரும்புவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்திருக்கும்: காலைச் சூரியனை வணங்கச் சொன்ன நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர், அதில் வைட்டமின் டி இருக்கிறது! தோப்புக்கரணம் மூளைக்கு, விபூதி சளிக்கு, சூரிய வணக்கம் எலும்புக்கு. சடங்குக்கு ஓர் ஆய்வுக்கூடச் சான்றிதழ் ஒட்டுவதும் இப்போது பக்தியில் சேர்த்தியாகிவிட்டது.

சூரிய வணக்கத்துக்கு ஒட்டிய சான்றிதழ் போலி என்பதுதான் சிக்கல்.

தோலில் வைட்டமின் டி உருவாக, வெயிலில் உள்ள புற ஊதா ‘பி’ கதிர் வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கையில் அந்தக் கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தொலைவு கடந்து வர வேண்டியிருக்கிறது. ஓசோன் அதில் பெரும்பகுதியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும்வரை பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மலேசியாவில் இதற்கு மேலும் ஒரு வேடிக்கை சேர்ந்துகொள்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பம் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைந்தது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிறது. சில மாதங்களில் ஏழரையை நெருங்கிவிடுகிறது. உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகாலை ஒட்டி. நிழல் ஆளைவிடச் சிறுக்க ஏறத்தாழப் பத்தரை ஆகும். ஏழரை மணிக் கும்பிடு எலும்புக்குக் காலணா பெறாது.

சரி, சான்றிதழ் அசலாகவே இருந்திருந்தால்? வைட்டமின் டி என்ற பெயரே 1922இல்தான் வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆற்றங்கரையில் நின்று அர்க்கியம் விட்டவர்கள் மூட்டுவலியை நினைத்து விடவில்லை. பயனைச் சொல்லி ஒரு வழிபாட்டைக் காப்பாற்றப் போனால், அதே பயன் மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற அன்றைக்கே வழிபாடு வேலையிழந்துவிடும். தைப்பொங்கலன்று வாசலில் பானை வைப்பது நன்றி சொல்ல. நன்றி சொல்லப் போன இடத்தில் கூலி கேட்டு நிற்பதுபோல்தான் இருக்கிறது இந்த அறிவியல் விளக்கம்.

விளக்கம் சொல்பவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. “ஏன் தாத்தா கும்பிடணும்?” என்று பேரன் கேட்கிறான். அவன் மதிக்கும் மொழியில் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற தவிப்பு தாத்தாவுக்கு. ஆனால் அந்தப் பேரன் நாளைக்குப் புற ஊதாக் கதிரைப் பற்றிப் படிப்பான். விளக்கத்தோடு சேர்த்து வணக்கத்தையும் தூக்கி எறிவான்.

தாத்தாவுக்கும் நட்டம் உண்டு. காலையிலேயே வெயில் வாங்கியாயிற்று என்று நம்பிக்கொண்டு மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார். ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து லயத்துக்குத் திரும்புகையில் தலைக்கு மேல் வெயில் இருந்தது. யாரும் தேடிப் போகாத வெயில். கிள்ளான், காப்பார் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புகளாகிவிட்ட பிறகு அந்தத் தலைமுறை அடுக்குமாடியிலும் அஞ்சடி நிழலிலும் வாழ்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் சூடு தரும், டி தராது. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். முதுமையோ உற்பத்தியையே குறைத்துவிடுகிறது: எழுபதுகளின் பிற்பகுதியில் உள்ளவரின் தோல், இளையவரின் தோல் செய்வதில் பாதியைக்கூட எட்டுவதில்லை என்று 1985இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாத்திரையும் மந்திரம் அல்ல. பிரான்சின் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 1992இல் வெளியானது. சுண்ணாம்புச்சத்தோடு தினமும் 800 அலகு டி பெற்றவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வு, பொதுவாக நலமாக இருப்பவர்களுக்குத் தினமும் 2,000 அலகு கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் சொன்னது. ஆஸ்திரேலிய மூதாட்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரேயடியாக 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. ஆக, குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. மற்றவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அள்ளிக் கொட்டினால் கேடு.

சமயம் உண்மையாகவே குறுக்கிடும் இடம் வேறு. கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஒரு மருந்துக் கடை. வைட்டமின் டி வாங்க வந்த சைவமான அம்மா, அவசரத்தில் இருக்கும் மகன்.

“ஹலால் முத்திரை இருக்கும்மா, பயப்படாதீங்க.”

“அது சரிப்பா, பன்றி இல்லைன்னு தெரியுது. மாடு இல்லைன்னு யாரு சொன்னா?”

அம்மா கேட்டது அசல் கேள்வி. டி குளிகையின் மெத்தென்ற உறை பெரும்பாலும் ஜெலட்டின். ஹலால் ஜெலட்டின் பல நேரம் மாட்டிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் டி3, செம்மறி ரோமத்தின் பிசுக்கிலிருந்து எடுக்கப்படுவது. கத்தரித்த ரோமத்துக்காக ஆடு சாவதில்லை. பாலை ஏற்கிற சைவம் இதை ஏற்கலாமா, கூடாதா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். நடத்தவும் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியைவிட இதில்தான் அறம் பற்றிய யோசனை இருக்கிறது. உடலை இழிவென்று ஒதுக்காமல், இறைவன் இருக்கும் இடமென்று பேணச் சொன்ன திருமூலரும், புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவரும் அந்த மருந்துக் கடையில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

நல்லவேளை, இருவரையும் சமாதானப்படுத்த வழி இருக்கிறது. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 விற்பனைக்கு உண்டு. ஈஸ்டிலிருந்து வரும் டி2 உண்டு. நறுக்கிய காளானை நண்பகல் வெயிலில் காயவைத்தாலும் டி2 ஊறும். காளான் சைவமா என்பது சில வீடுகளில் தனி வழக்கு. கெட்டி மாத்திரை என்றால் கவலையில்லை என்றும் நினைத்துவிட முடியாது. டி3 தூளைப் பொதிய அதிலும் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. மகனுக்கு எவ்வளவு அவசரமானாலும், பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துத்தான் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.